குக்கூ பாட்டு: ஆறு குரல், இரண்டு நிமிடம். இதில் அப்படி என்ன இருக்கிறது?

கொத்தமல்லிக்கட்டு (இழையைத் தொடங்கியவர்)
சனி, இரவு 9.40

வணக்கம். இசை தெரியாதவன் கேட்கிறேன், திட்டாமல் பதில் சொல்லுங்கள்.

'சுமர் இஸ் இகூமன் இன்' என்று ஒரு பழைய இங்கிலாந்துப் பாட்டு. 13ஆம் நூற்றாண்டு. ஆறு குரல்கள் ஒரே நேரத்தில் வேறுவேறாகப் பாடும் பாட்டுகளில், எழுத்தில் கிடைத்தவற்றுள் இதுதான் மிகப் பழையது என்று எங்கோ படித்தேன். தஞ்சைக் கோபுரத்தை முதல்முறை பார்க்கப் போகிறவன் மாதிரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எல்கேஜி ஆண்டுவிழா ஞாபகம்தான் வந்தது. குக்கூ, குக்கூ, குக்கூ. எத்தனை தடவை என்று எண்ணப் பார்த்தேன், இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

அர்த்தம் தேடினேன். 'கோடை வந்துவிட்டது, உரக்கப் பாடு குயிலே' என்று போட்டிருந்தது. கோடை வந்ததற்கு யாராவது பாடுவார்களா? எங்கள் தெருவில் இப்படி ஒருத்தன் பாடினால், தண்ணீர் லாரிக்கு நிற்கிறவர்கள் குடத்தாலேயே அடிப்பார்கள்.

நான்கு பதிவுகள் கேட்டாயிற்று. ஒன்றில் தேவாலயத்துக்குள் நின்று பாடுவது போல நிதானமாக. இன்னொன்றில் கள்ளுக்கடை போல, மேளம் குழலோடு. இரண்டும் ஒரே பாட்டு என்று நம்பவே கொஞ்ச நேரம் ஆயிற்று. எனக்கு எது கேட்காமல் போகிறது?

பழைய_ஏடு
சனி, இரவு 10.25

கட்டு சார், யாரும் திட்டமாட்டோம். உங்களைக் கவிழ்த்தது இரண்டு சொற்கள்.

முதலாவது 'கோடை'. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ஆண்டை இரண்டே பாதியாகப் பேசுகிற வழக்கம் உண்டு: குளிர்ப் பாதி, வெயில் பாதி. ஏப்ரல் பிறந்தாலே 'சுமர்'தான். பாட்டுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது பாருங்கள். விதை முளைக்கிறது, ஆட்டுக்குக் குட்டி இருக்கிறது, பசுவுக்குக் கன்று இருக்கிறது. இதெல்லாம் ஏப்ரல், மே மாத வேலை. அதனால் 'வேனில்' என்று போடுங்கள், இளவேனில் என்றால் இன்னும் நெருக்கம். நம் கத்திரி வெயிலை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

இரண்டாவது 'குயில்'. நம் குயில் ஒவ்வொரு கூவலுக்கும் ஒரு படி ஏறும், கடைசியில் தொண்டை கிழியக் கத்திவிட்டு நிறுத்தும். அவர்களுடைய குக்கூ வேறு பறவை. இரண்டே ஸ்வரம், மேலிருந்து கீழே இறங்கும். சுவர்க்கடிகாரக் கதவைத் திறந்து எட்டிப் பார்க்குமே, அதுதான். அடுத்தவர் கூட்டில் முட்டை வைப்பதில் மட்டும் இரண்டும் பங்காளிகள்.

ஆங்கிலேயர்களே தடுக்கி விழுகிற இடம் ஒன்றும் உண்டு. 'இகூமன்' என்பதை 'வந்துகொண்டிருக்கிறது' என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. வந்தாயிற்று, உள்ளே நுழைந்தாயிற்று. தமிழில் இது வெகு சுலபமாக உட்கார்ந்துவிடும்:

வேனில் வந்தாச்சு, உரக்கப் பாடு குக்கூ.
விதை முளைக்குது, புல்வெளி பூக்குது,
காடும் இப்போ துளிர்க்குது. பாடு குக்கூ.
குட்டியைத் தேடி ஆடு கத்துது,
கன்றைத் தேடிப் பசு கதறுது,
இளங்காளை துள்ளுது, கடா (அப்புறம் சொல்கிறேன்),
குஷியாய்ப் பாடு குக்கூ.
குக்கூ, குக்கூ, நல்லாவே பாடுறே குக்கூ,
இனிமே ஒருபோதும் நிறுத்தாதே.

பாட்டு மொத்தமும் இவ்வளவுதான்.

இரண்டாம்_வேதாளம்
சனி, இரவு 10.31

ஏடு ஐயா, கடா என்ன செய்கிறது? அடைப்புக்குறிக்குள் ஓடி ஒளிந்தால் விட்டுவிடுவோமா?

பழைய_ஏடு
சனி, இரவு 10.50

குசு விடுகிறது.

திருப்திதானே? மூலத்தில் 'வெர்டெத்'. தென் இங்கிலாந்துப் பேச்சில் சொல்லின் முதலில் வரும் 'ஃப' ஓசை 'வ' ஆகிவிடும். பெண் நரிக்கு இன்றைக்கும் ஆங்கிலத்தில் 'விக்சன்' என்கிறார்களே, ஆண் நரி 'ஃபாக்ஸ்'தானே? அந்த 'வி' தெற்கத்திப் பேச்சின் மிச்சம். அப்படிப் பார்த்தால் 'ஃபெர்டெத்', அதாவது இன்றைய ஆங்கிலத்தில் எல்லோருக்கும் தெரிந்த சொல்.

பழைய உரைகாரர்கள் சிலருக்கு இது கூச்சமாக இருந்திருக்கிறது. பச்சைப் புதருக்குள் போகிறது என்று எழுதிவைத்தார்கள். 'திரும்புகிறது' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, துள்ளித் திரும்புவதைத்தான் சொல்கிறது என்று இன்றும் வாதிடுகிறவர்கள் உண்டு. ஆடு மேய்த்தவர்களிடம் கேட்டால் ஒரே நொடியில் தீர்ப்பு சொல்லியிருப்பார்கள். குளிர்காலம் முழுக்கக் காய்ந்த வைக்கோலைத் தின்ற பிராணி இளம்புல்லைக் கண்டு வயிறு முட்ட மேய்ந்தால் வேறென்ன நடக்கும்? 'பக்' என்பது ஆட்டுக் கடாவா, ஆண் மானா என்று இன்னொரு சண்டை இருக்கிறது. அதற்குள் நான் போகவில்லை.

கொத்தமல்லிக்கட்டு
சனி, இரவு 11.05

என் மகள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். ஒன்பது வயது. இனி இந்த வீட்டில் எனக்கு நிம்மதி கிடையாது.

கீழ்சுருதி
ஞாயிறு, காலை 6.15

நான் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் பதினெட்டு வருடமாக பேஸ் குரல், அதாவது ஆண்களில் அடித்தொண்டைக் குரல். கட்டு அண்ணே, உங்கள் சிக்கல் ஹெட்போன். சமையல் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு உப்பு குறைவு என்கிறீர்கள்.

இது ஆட்களைக் கூட்டிவைத்துப் பாட எழுதின பாட்டு. மூலம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது, ஹார்லி 978 என்ற ஏட்டில். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆறு பேர் பாடுகிற பாட்டு, மொத்தமும் ஒரே பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. எப்படி? நான்கு பேருக்கும் ஒரே மெட்டுதான். ஒருவர் தொடங்குவார். முதல் அடி முடிகிற இடத்தில் சிவப்பாக ஒரு சிலுவைக் குறி இருக்கும். அதைத் தாண்டி முதல் ஸ்வரத்துக்கு அவர் வரும்போது அடுத்தவர் தொடக்கத்திலிருந்து ஆரம்பிப்பார். பிறகு மூன்றாமவர், நான்காமவர். பள்ளியில் வகுப்பை மூன்று வரிசையாகப் பிரித்துச் சுற்றிச்சுற்றிப் பாட வைப்பார்களே, அதே வித்தை.

கீழே இரண்டு பேர் தனி. அவர்கள் பாடுவதற்கு 'பெஸ்' என்று பெயர். லத்தீனில் பாதம், கால். ஒருவர் 'சிங் குக்கூ நூ, சிங் குக்கூ' என்பார், 'நூ' என்றால் இப்போது. மற்றவர் அதே நேரத்தில் 'சிங் குக்கூ, சிங் குக்கூ நூ' என்பார். இவர் விட்டதை அவர் எடுப்பார். நீங்கள் எண்ணி அலுத்த குக்கூவில் பாதியாவது இவர்கள் போட்டதுதான்.

பக்கத்து ஓரத்தில் லத்தீனில் செய்முறையே எழுதியிருக்கிறது. எனக்கு அது மெட்டைவிடப் பிடிக்கும். நான்கு தோழர்கள் இந்தச் சுற்றைப் பாடலாம். மூன்று பேருக்கு, போனால் போகிறது இரண்டு பேருக்குக் குறையக்கூடாது, பாதம் பாடுகிறவர்களைச் சேர்க்காமல். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க ஒருவர் பாதக்காரர்களோடு தொடங்க வேண்டும். ஓய்வு எழுதியிருக்கிற இடத்தில் மட்டும் ஒரு நெடில் ஸ்வர நேரம் ஓயலாம், வேறெங்கும் கூடாது. இந்தக் கடைசி வரியைப் படித்தவுடன், எழுதினவர் குழுவிலும் எங்கள் குழுவில் இருப்பதைப் போலக் கண்ட இடத்தில் மூச்சு விடுகிற டெனர் (ஆண்களில் மேல்குரல்) ஒருவர் இருந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

நாங்கள் பாடியபோது எனக்குப் பாதம்தான் கொடுத்தார்கள். முதல் நாள் செம கடுப்பு. மெட்டு முழுக்க மற்றவர்களுக்கு, எனக்கு மட்டும் பத்து நிமிடமாக 'சிங் குக்கூ நூ'. நாலைந்து சுற்று போனபின் காது தானாக மேலே போயிற்று. இடப்பக்கம் ஒரு அக்கா விதை முளைக்குது என்கிறார். அவருக்குப் பின்னால் ஒருவர் கன்றைத் தேடிப் பசுவை விட்டிருக்கிறார். தள்ளி நிற்கிற பையன் காளையைத் துள்ள வைக்கிறான். எல்லாம் ஒரே நேரத்தில், ஒன்றை ஒன்று இடிக்காமல். வயலில் நின்றால் அப்படித்தானே காதில் விழும்? ஆடு கத்தி முடிக்கட்டும் என்று மாடு காத்திருக்குமா? இதை வெளியிலிருந்து கேட்டால் கூழாகத்தான் தெரியும். நடுவில் நின்றால்தான் ஒவ்வொன்றும் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிபடும்.

நிதானமா கள்ளுக்கடையா என்று கேட்டீர்கள். இரண்டுக்கும் இடம் உண்டு. ஏட்டில் பிற்பாடு யாரோ கைவைத்திருக்கிறார்கள். சில ஸ்வரங்களின் இடத்தையும் நீளத்தையும் மாற்றியிருக்கிறார்கள். முதலில் எழுதினபடி பார்த்தால் சமமான நடை, திருத்தினபடி பார்த்தால் நெடில் குறிலாகத் துள்ளுகிற நடை, நம் திஸ்ரம் மாதிரி. அறிஞர்கள் இதில் ரொம்ப நாளாக முட்டிக்கொள்கிறார்கள். எனக்குத் துள்ளல்தான் பிடிக்கும். கடா சமநடையில் போனால் நன்றாக இருக்காது.

ராகமாலிகை_77
ஞாயிறு, காலை 8.02

கர்நாடக சங்கீதக் காது உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மெட்டை மட்டும் தனியாகக் கேட்டால் சங்கராபரணம் மாதிரி அப்படியே வெளிச்சமாக இருக்கும். ஆனால் ராகம் தேடாதீர்கள், கமகமும் கிடையாது. கீழே பாதம் இரண்டு நிலைக்கு இடையே ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஊஞ்சலைப் பிடித்தால் போதும், மற்றது தானாக விளங்கும். மூன்றாவது தடவையில்தான் எனக்கு விளங்கிற்று.

தேம்ஸ்கரை
ஞாயிறு, பகல் 1.20

இந்தப் பாட்டு என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா?

நான் இருப்பது இங்கிலாந்தின் ரெடிங்கில். (எழுத்தைப் பார்த்து 'ரீடிங்' என்று படிக்காதீர்கள். நான் வந்த புதிதில் டிக்கெட் கவுண்டரில் அப்படிச் சொல்லி அவமானப்பட்டவன்.) இங்கே முதலாம் ஹென்றி மன்னர் 1121இல் கட்டத் தொடங்கிய ஒரு பெரிய மடம் இருந்தது. அவரைப் புதைத்ததும் அங்கேதான். அந்த ஏட்டை இந்த மடத்தோடுதான் சேர்த்துச் சொல்வார்கள். 1539இல் எட்டாம் ஹென்றி மடத்தை மூடி, கடைசி மடாதிபதியையும் இந்த ஊரிலேயே கொன்றார். இப்போது மிச்சம் இருப்பது தோல் உரிந்த மாதிரி நிற்கிற சக்கிமுக்கிக்கல் சுவர்கள். பக்கத்திலேயே எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் அடைபட்டுக் கிடந்த சிறை.

துறவிகள் கூடிப் பேசிய மண்டபத்தின் சுவரில் இந்தப் பாட்டை ஸ்வரக்கோட்டோடு ஒரு கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். 1913இல் வைத்தது. நான் போனது பிப்ரவரியில், தூறல். மேலே கூரை கிடையாது. கல் நனைந்து எழுத்தெல்லாம் கறுத்திருந்தது. கீழ்சுருதி சொன்ன சிலுவைக் குறியைத் தேடி விரலால் தடவிக்கொண்டே போனேன். விரல் விறைத்துப்போய் எந்தப் பள்ளம் சிலுவை, எந்தப் பள்ளம் வெறும் பள்ளம் என்று தெரியவில்லை. வேனில் வந்தாச்சு என்று எழுதின கல் முன்னால் மூக்கு ஒழுக நின்றேன்.

மறுநாள் அலுவலகத்தில் ஓர் ஆங்கிலேய நண்பரிடம் சொன்னேன். மெட்டை முனகிக் காட்டியதும் அவர் கீச்சுக் குரலில் வேறு வார்த்தைகளைப் போட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார். 1974இல் வந்த 'பேக்பஸ்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் எலிகள் உடைந்த சாமானைச் சரிசெய்யும்போது பாடுகிற மெட்டாம். அவருக்கு இது எலிப் பாட்டு. எழுநூறு வருடத்துக்கு முந்தையது என்றேன். 'எலிகள் அவ்வளவு பழையதா?' என்றார்.

மூன்றாம்_வரிசை
ஞாயிறு, மாலை 4.44

எலியாம், எல்கேஜியாம். இந்தப் பாட்டைக் கேட்டால் எனக்கு முதுகு சில்லிடும்.

'தி விக்கர் மேன்', 1973இல் வந்த படம். தொலைதூரத் தீவுக்கு ஒரு போலீஸ்காரர் காணாமல் போன சிறுமியைத் தேடிப் போவார், பக்தியுள்ள கிறித்தவர். தீவுக்காரர்கள் பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள். விளைச்சல் பொய்த்துவிட்டது. கடைசியில் பிரம்பால் பின்னிய ராட்சத பொம்மைக்குள் அவரை அடைத்து, ஆடு கோழிகளோடு சேர்த்துக் கொளுத்துவார்கள். அவர் உள்ளிருந்து 'கர்த்தர் என் மேய்ப்பர்' என்று கதறுவார். வெளியே ஊரே கைகோத்து ஆடிக்கொண்டு இந்தக் குக்கூ பாட்டைச் சிரித்த முகத்தோடு பாடும். அந்த மலர்ந்த முகங்கள்தான் பயங்கரம். கோபமாகப் பாடியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அன்றிலிருந்து 'வேனில் வந்தாச்சு' என்றால், சரி, இன்றைக்கு யாரைக் கொளுத்தப் போகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.

இரண்டாம்_வேதாளம்
ஞாயிறு, மாலை 4.52

அண்ணே, அடுத்த வாரம் பார்க்க வைத்திருந்தேன். வாழ்க.

மூன்றாம்_வரிசை
ஞாயிறு, மாலை 4.53

ஐம்பது வருடம் ஆயிற்று தம்பி. இன்னும் எவ்வளவு நாள் பொத்தி வைப்பது?

பழைய_ஏடு
ஞாயிறு, இரவு 8.10

மூன்றாம்_வரிசை சொன்ன காட்சியில் எனக்கு ஒரு வேடிக்கை தெரிகிறது. அங்கே கிறித்தவர் ஒரு பாட்டு, புறமதத்தார் ஒரு பாட்டு என்று மோதுகிறார்கள். ஏட்டில் இரண்டும் ஒரே மெட்டின் கீழ் அக்கம்பக்கமாக இருக்கின்றன. ஆங்கில வரிக்கு அடியில் சிவப்பு மையில் ஒரு லத்தீன் பாடலும் உண்டு. 'பார், கிறித்துவை வணங்குகிறவனே' என்று தொடங்கும். விண்ணுலகத்து உழவர், கொடியில் வந்த கேட்டுக்காகத் தம் மகனையே விட்டுவைக்காமல் சாவுக்குக் கொடுத்தார் என்று போகும். உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு ஏற்ற பாட்டு. அதுவும் வேனில் தொடக்கத்தில் வருவதுதானே? கடவுளை உழவர் என்றும் மனிதர்களைக் கொடி என்றும் சொன்னதைக் கவனியுங்கள். மேலே வயலில் முளைக்கிற விதை, கீழே இந்த உழவர்.

எது முதலில் வந்தது என்று கேட்பீர்கள். என் காதுக்கு ஆங்கிலம்தான். மெட்டு அந்தச் சொற்களில் இயல்பாக நடக்கிறது, லத்தீன் கொஞ்சம் கடன் வாங்கிய சட்டை மாதிரி இருக்கிறது. கடா குசு விடுகிற பாட்டை மடத்தில் பாட ஒரு நல்ல சாக்கு வேண்டாமா என்றும் நினைத்துக்கொள்வேன். இது என் குறும்பு, ஆராய்ச்சி இல்லை.

அந்த ஏடே ஒரு பலசரக்குக் கடை. மரீ த பிரான்ஸ் எழுதிய பிரெஞ்சுக் கதைப்பாடல்கள் அதில் இருக்கின்றன. மூலிகை, மருந்துக் குறிப்புகள் இருக்கின்றன. 1264இல் நடந்த லூயிஸ் போரைப் பற்றி லத்தீனில் ஒரு நீண்ட அரசியல் பாட்டும் இருக்கிறது. வைத்திருந்தவருக்கு எல்லாவற்றிலும் ஆசை. 1944இல் புகோஃப்ட்சர் என்ற ஆய்வாளர் இந்தப் பாட்டு 1310ஐ ஒட்டியது, அவ்வளவு பழையது அல்ல என்று வாதாடிப் பார்த்தார். மற்றவர்கள் ஏட்டைப் புரட்டிக் காட்டி மறுபடி 13ஆம் நூற்றாண்டின் நடுவுக்கே கொண்டுபோய்விட்டார்கள். எழுதியவர் யார் என்பதற்கு விக்கம் ஊர்க்காரர் டபிள்யூ என்று ஒரு பெயர் அடிபடுகிறது, உறுதி இல்லை.

வாடைக்காற்று
திங்கள், காலை 7.30

எல்லோரும் கொண்டாடியது போதும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டு முதலில் சொன்னதுதான் சரி: இதில் கவிதை கிடையாது. பசு கத்துது, ஆடு கத்துது, சரி, அப்புறம்? நெஞ்சில் ஒரு கீறல் இருக்கிறதா? அமெரிக்கக் கவிஞர் ஏஸ்ரா பவுண்ட் இதைத் திருப்பிப்போட்டு 'குளிர் வந்தாச்சு, உரக்கத் திட்டு' என்று எழுதினாரே, அந்தக் கிண்டலில்கூட இதைவிட உயிர் அதிகம்.

பருவப் பாட்டு வேண்டுமென்றால் இதைவிடக் கொஞ்சம் பழையது ஒன்று இருக்கிறது, சுமார் 1225. 'மிரி இட் இஸ் வைல் சுமர் இலாஸ்ட்'. ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில், பைபிளின் சங்கீதங்கள் அடங்கிய ஒரு புத்தகத்தோடு சேர்ந்த தாளில் யாரோ கிறுக்கி வைத்தது. ஒரே பத்திதான் தப்பியது:

வேனில் உள்ளமட்டும் இன்பம், பறவைகள் பாட்டோடு.
இப்போ நெருங்குது காற்றின் வீச்சு, கடுங்குளிர்.
ஐயோ, ஐயோ, எவ்வளவு நீளம் இந்த இரவு!
நானோ பெரிய அநியாயம் பட்டு
துயரப்பட்டு, புலம்பி, பட்டினி கிடக்கிறேன்.

ஒரே குரல். துணைக்கு ஆள் இல்லை. அந்தக் கடைசிச் சொல் 'பட்டினி'யில் பாட்டு முடிகிறது, மீதி தொலைந்துவிட்டது. இதை இரவு பன்னிரண்டு மணிக்குத் தனியாகக் கேளுங்கள். அதன்பிறகு குக்கூவைக் கேட்டால் பல் கூசும்.

கீழ்சுருதி
திங்கள், காலை 9.05

வாடை, அந்தப் பாட்டு பெரிய பாட்டு என்பதில் சண்டையே இல்லை. நானும் அதைக் கேட்டுத் தூங்காமல் கிடந்திருக்கிறேன். ஆனால் பட்டினி கிடந்தவன்தான் ஏப்ரலில் ஆடு ஈன்றதற்குக் கத்துவான். குட்டி பிறந்தால்தான் மடியில் பால். பசு கன்றைத் தேடிக் கதறினால் வீட்டில் வெண்ணெய் வரப்போகிறது என்று அர்த்தம். குளிர்சாதனப் பெட்டியில் பால் பாக்கெட் வைத்திருக்கிற நமக்கு அந்த வரி வெறும் மிருகச் சத்தம்.

நெஞ்சில் கீறல் இல்லை என்றீர்கள், உண்மை. எல்லாப் பாட்டுமா கீற வேண்டும்?

வாடைக்காற்று
திங்கள், காலை 9.20

பால் விஷயம் நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன். கவிதை இல்லை என்பதில் மட்டும் நிற்கிறேன்.

ஈரச்சிறகு
திங்கள், இரவு 10.15

பறவை பார்க்கிறவன் என்ற முறையில் நானும் நுழைகிறேன். பாட்டிலுள்ள பறவையைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லையே?

குக்கூ ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஏப்ரல் வாக்கில் இங்கிலாந்து வரும். முதிர்ந்த பறவைகள் ஜூனிலேயே திரும்பக் கிளம்பிவிடும். கூட்டைக் கட்டுவது, குஞ்சை வளர்ப்பது எல்லாம் ஏமாந்த சின்னக் குருவிகள் பாடு. ஆண்தான் அந்த இரண்டு ஸ்வரத்தைக் கூவும். பருவம் முதிர முதிர அந்த இரண்டு ஸ்வரத்துக்கு நடுவே இடைவெளி கூடும், பிசிறும் தட்டும். ஜூனில் குக்கூ தன் ராகத்தை மாற்றும் என்று அங்கே ஒரு நாட்டுப்புற வழக்கே உண்டு.

முதல் குக்கூவைக் கேட்டேன் என்று செய்தித்தாளுக்குக் கடிதம் போடுவது அவர்களுக்கு ஒரு பித்து. 1913 பிப்ரவரியில் லிடெக்கர் என்ற விலங்கியலாளர், அவ்வளவு சீக்கிரமே குக்கூ கேட்டதாக 'தி டைம்ஸ்' இதழுக்கு எழுதினார். சில நாளில் இன்னொரு கடிதம் போட வேண்டியதாயிற்று. கூவியது பக்கத்தில் கட்டட வேலை செய்த ஒரு சித்தாள். தேம்ஸ்கரை சொன்ன கல்லை வைத்ததும் அதே 1913. பாவம், அந்த வருடம் இந்தப் பறவைக்கு நிறையப் பேர் குரல் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது நிலைமை வேறு. 2009இலிருந்து பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில், அதாவது நிலைமை கவலைக்கிடமான பறவைகளின் பட்டியலில் இருக்கிறது. 2011 முதல் முதுகில் சின்னக் கருவி கட்டி செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடர்கிறார்கள். காங்கோ காடுகள் வரை போய் வருவது அதில்தான் தெளிவாகத் தெரிந்தது. நான் அங்கே ஆறு வருடம் இருந்தேன். காதால் கேட்டது இரண்டே முறை. இரண்டாவது முறை கேட்டபோது கூட இருந்த முதியவர், சின்ன வயதில் இது ஓயாமல் கத்தித் தூங்கவிடாது, கல்லெடுத்து எறிவோம் என்றார்.

ஏடு சார், கடைசி வரி 'நெ ஸ்விக் தூ நாவெர் நூ'வில் அந்த 'ஸ்விக்' நிறுத்துவது மட்டும்தானா?

பழைய_ஏடு
திங்கள், இரவு 11.00

நல்ல கேள்வி. இங்கே 'நிறுத்தாதே' என்றுதான் கொள்வார்கள், அதுதான் பொருந்துகிறது. ஆனால் பழைய ஆங்கிலத்தில் அந்த வேர்ச்சொல்லுக்கு விட்டுப் போவது, ஏமாற்றுவது என்ற பொருள்களும் உண்டு. அடுத்தவர் கூட்டில் முட்டையிடுகிற பறவையிடம் போய் ஏமாற்றாதே என்று கேட்டுக்கொள்வது! மனைவி ஏமாற்றுகிற கணவனுக்கு ஆங்கிலத்தில் உள்ள 'கக்கோல்ட்' என்ற சொல்லும் இந்தப் பறவையிலிருந்து வந்ததுதான். பாடினவர்கள் அந்த வரியில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கொத்தமல்லிக்கட்டு
புதன், இரவு 10.35

பாடிப் பார்த்தேன். அறிக்கை கீழே.

முதல் முயற்சி, செவ்வாய். சிங்கப்பூரில் இருக்கிற தம்பியோடும் பெங்களூர் மச்சானோடும் வீடியோ அழைப்பில். முழுத் தோல்வி. என் குரல் அவர்களுக்கு அரை நொடி கழித்துப் போகிறது, அவர்கள் குரல் எனக்கு இன்னொரு அரை நொடி கழித்து வருகிறது. ஆளாளுக்கு ஒரு ஊர்க் கடிகாரம். மச்சான் நடுவில் மைக்கை அணைத்துவிட்டு வாயை மட்டும் அசைத்தது பிறகு தெரிந்தது.

இரண்டாவது, இன்று மாலை, சமையலறை. நான், மனைவி, மகள், ஊரிலிருந்து வந்த மாமியார். சுற்றுக்கு இருவர், பாதத்துக்கு இருவர். ஏட்டில் 'போனால் போகிறது' என்று விட்ட கணக்குக்குச் சரியாக வந்தது. ஏடு சாரின் தமிழ் வரிகளை மெட்டுக்குள் திணித்துக்கொண்டோம், பாதம் மட்டும் மூலத்தில் இருந்தபடி. மாமியார் கோலாட்டம் அடித்து வளர்ந்தவர், முதல் பாதத்தைக் கொடுத்ததும் இம்மி பிசகாமல் பிடித்துக்கொண்டார். மனைவி இரண்டாம் பாதம், பருப்பைக் கிளறிக்கொண்டே. மகள் 'சிங் குக்கூ நூ'வை 'சிங் குக்கர் நூ' ஆக்கிவிட்டாள். அதற்கும் நாங்கள் சிரித்து, கடா வரி வரும்போதெல்லாம் அவள் சிரித்து, முதல் ஐந்து தடவை சிலுவையைத் தாண்டி அதற்கு மேல் உருப்படியாகப் போகவில்லை.

ஆறாவது தடவை போயிற்று. அவள் காளையில் இருக்கிறாள், நான் விதையில் இருக்கிறேன், பின்னால் இரண்டு பெண்கள் ஊஞ்சல் ஆட்டுகிறார்கள். கீழ்சுருதி, நீங்கள் சொன்ன அந்தத் திசை விஷயம். அடுப்புப் பக்கமிருந்து ஒன்று, ஃபிரிட்ஜ் பக்கமிருந்து ஒன்று. ரெக்கார்டு செய்ததைப் போட்டுக் கேட்டால் மறுபடியும் எல்கேஜிதான், அதை மறைக்கமாட்டேன்.

ஒரு சந்தேகம். இதை எங்கே நிறுத்துவது? நான் முடித்தால் மகள் பாதியில் இருக்கிறாள். அவள் முடிப்பதற்குள் எனக்குக் கை பரபரத்து மறுபடி தொடங்கிவிடுகிறேன்.

கீழ்சுருதி
புதன், இரவு 10.58

அண்ணே, மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நிறுத்துவதற்கு ஏட்டில் வழி இல்லை. முதல் பாதத்துக்குப் பக்கத்தில் 'வேண்டிய மட்டும் திரும்பப் பாடலாம், முடிவில் ஓய்வு' என்று இருக்கிறது. இரண்டாம் பாதத்துக்கு 'நடுவில் ஓய்வு, முடிவில் நிற்காமல் உடனே தொடக்கத்துக்குப் போ' என்று. ஆக அவர் நிற்கவே கூடாது. சில குழுக்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள், சில குழுக்கள் தலைவர் கையசைத்ததும் எல்லோரும் ஒரே இடத்தில் டப்பென்று நிறுத்துவார்கள். உங்கள் வீட்டில் எப்படி முடிந்தது?

கொத்தமல்லிக்கட்டு
புதன், இரவு 11.10

பருப்பு அடிபிடித்துவிட்டது. இரண்டாம் பாதம் 'சிங் குக்கூ' என்றபடியே அடுப்பை அணைத்தது, சட்டியை இறக்கியது, என்னைப் பார்த்து முறைத்தது. 'நூ' மட்டும் சொல்லவில்லை. மாமியார் இன்னும் முனகிக்கொண்டிருக்கிறார்.